ஆட்டுக்கும் ஓர் உப்புத் தொட்டி

"கெட்டியா புடி ஜெனி. ட்ரம்மு ஆடுது பாரு."

"புடிச்சிகினுதான் கீறேன். நீ மொதல்ல நிமிந்து எம்மூஞ்சப் பாத்துப் பேசு."

"ரம்பம் வழுக்கினா கை போயிடும். நீ சொல்லு, காது கேக்குது."

"அதான் சொன்னேனே. ஆறு மணி ஷிப்டுதான் குடுப்பாங்களாம். இங்கேருந்து அந்த நேரத்துக்கு பஸ்ஸு இல்ல. அப்பா வூட்ல தங்கினா நடந்தே போயிடலாம்."

"ம்."

"இன்னா, ம்? போகட்டுமா, வாணாமா?"

"உன் படிப்பு, உன் வேல. உன் இஷ்டம்."

அந்தப் பேச்சு அதோடு முடிந்துபோனது. பொங்கலுக்கு மறுவாரம் அது. திருப்போரூருக்குக் கிழக்கே, உப்பங்கழிக்குப் போகிற பாதையில் இருக்கும் வீட்டின் பின்புறத்தில், பூபாலன் ஒரு நீல பிளாஸ்டிக் ட்ரம்மைக் குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி ஜெனிட்டா. 'போகாத' என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும். கூடுவாஞ்சேரி ஆஸ்பத்திரியில் கிடைத்த ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு வழியை அவளே தேடியிருப்பாள். அவன் சொல்லவில்லை. ரம்பத்திலிருந்து உதிர்ந்த நீலத் தூள் அவள் மடியில் விழுந்துகொண்டே இருந்தது.

அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. வாரக்கடைசியில் வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவன் வாயைத் திறந்து கேட்டால் ஒழியத் திரும்பி வந்து குடியிருப்பதில்லை என்று, பஸ் ஏறும்போதே மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அவள் திருப்போரூர்ப் பக்கம் போவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கோடைக்குப் பிறகு நின்றே போனது. அவன்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோனான்.

கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பூபாலன் செய்தான். தூக்குவாளி நிறையப் பால் கொண்டுவந்தான். மாமனாரின் ஆட்டோ சீட்டைப் பிரித்துத் தைத்தான். சமையலறைக் குழாயில் சொட்டின தண்ணீரை நிறுத்தினான். மாடுகளைப் பற்றி மாமனாரிடம் மட்டும் நிறையப் பேசினான். முன்பெல்லாம் அவை சுவர்ச் சுண்ணாம்பை நக்கும், கிடைத்த எலும்பைக் கடிக்கும், ஒன்றின் மூத்திரத்தை இன்னொன்று குடிக்கும். உடம்பில் தாதுச் சத்து இல்லாததால்தான் அந்தப் புத்தி என்று கால்நடை முகாமில் டாக்டர் சொல்ல, தாது உப்பு மூட்டை வாங்கிவந்து அவனே தொட்டி செய்துவிட்டான்.

"கடையில விக்கிறது மாடு முட்டினா கவுந்துடும் மாமா. நான் அர ட்ரம்ம பழைய லாரி டயருக்குள்ள வெச்சு போல்ட்டு போட்டுட்டேன். மேல ஒரு மூடி. மூக்கால தூக்கினாதான் தெறக்கும், தலைய எடுத்தா தானா மூடிக்கும். மழைத் தண்ணி எறங்காது."

"மூடி எதுல?"

"பிளாட்டு விக்கிறவன் கட்டின பிளெக்ஸு. காத்துல அறுந்து கெடந்துச்சு. ரெண்டா மடிச்சு தெச்சேன்."

"அப்போ, 'கடற்கரைக் காற்றோடு கனவு இல்லம்'னு மாடு தெனமும் படிச்சிகினு கீது."

"படிக்கல மாமா. அதுல சிரிக்கிற பொம்பள மூஞ்ச நக்குது."

இருவரும் சிரிப்பார்கள். உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருக்கும் ஜெனிட்டாவுக்கு ஆத்திரமாக வரும். ட்ரம்மைப் பற்றி இவ்வளவு பேசுகிற மனிதனுக்குத் தன்னிடம் பேச ஒன்றும் இல்லையா?

"என் ஆடுங்க எப்பிடி கீது?" என்று அவள் கேட்டால் மட்டும் அவன் முகம் மாறும். எதையோ ஒளித்து வைத்திருக்கும் பையனைப் போல வாயை இறுக்கிக்கொண்டு, "நல்லா கீதுங்க" என்பான். அவ்வளவுதான்.

அவள் ஆடுகள் என்றால் அவளுடையவைதான். கல்யாணத்தின்போது அப்பா சாலமோன் சீராகக் கொடுத்தது பீரோவோ கட்டிலோ அல்ல, இரண்டு செம்மறிக் குட்டிகள். செங்கல் நிறத்தில், காது மடிந்து, நெற்றியில் வெள்ளைக் கோடு ஓடிய குட்டிகள். செவ்வந்தி, மருதாணி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அவை ஈன்று, மேலும் நான்கு குட்டிகளாகப் பெருகியிருந்தன.

"மாப்ளைக்கு வாயத் தவுத்து மத்த எல்லாம் வேல செய்யுது" என்பார் சாலமோன், மருமகன் பைக் தெருமுனையைத் தாண்டிய பிறகு. "நீயாச்சும் போய்க் கேளேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? நான் கேட்டாச்சு. பதில்தான் வரல."

ஐப்பசி மழை ஒரு வாரம் அடித்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை. ஜெனிட்டா கோயிலுக்குக் கிளம்பித் தலையில் முக்காடு போடப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. மாமியார் ரெபேக்காள்.

"ஜெனிட்டா, உன் செவ்வந்தி செத்துப்போச்சு."

அவளுக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. "இன்னா அத்த?"

"காலைல பட்டியத் தெறந்தா வெறச்சிகினு கெடக்குது. மருதாணி நிக்க முடியாம வுழுந்து கெடக்குது. இவன் உனக்குச் சொல்லாதன்றான். ஆடு யார்தும்மா? நான் சொல்றேன். நீ வா."

பைபிளை ஜன்னலிலேயே வைத்துவிட்டு அவள் தெருவுக்கு ஓடிவந்தாள். சாலமோன் ஒரு கேள்வியும் கேட்காமல் ஆட்டோவைக் கிளப்பினார். நெல்லிக்குப்பம் வழியாகப் போகும் ரோடெல்லாம் மழைத் தண்ணீர். பள்ளங்களில் ஆட்டோ முங்கி எழுந்தது. எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கிற அப்பா, திருப்போரூர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. போன ஞாயிறுகூட 'நல்லா கீதுங்க' என்றானே என்பது மட்டும் திரும்பத் திரும்ப அவள் காதில் ஓடியது.

செவ்வந்தி மேல் ஒரு கோணியைப் போர்த்தியிருந்தார்கள். கோணிக்கு வெளியே ஒரு குளம்பு நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரெபேக்காள் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தாள். கொஞ்சம் தள்ளி, மருதாணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி அதன் வாயில் விட்டுக்கொண்டிருந்தான் பூபாலன். தண்ணீர் உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்து அவன் லுங்கியை நனைத்தது.

ஜெனிட்டா ஓடிப்போய் மண்டியிட்டாள். ஆட்டின் கண்ணிமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்துப் பார்த்தாள். கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

மஞ்சள். அரைத்துப் பூசியது போன்ற மஞ்சள். ஆஸ்பத்திரியில் காமாலைக்காரர்களின் ரத்தத்தை வைத்துச் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்கும் நீரில் அவள் பார்த்திருக்கும் நிறம். இங்கே, அவள் பெயர் வைத்த ஆட்டின் கண்ணுக்குள் இருந்தது. ஆடு கிடந்த இடத்தில் மண் கறுத்திருந்தது. அது மூத்திரம் என்று புரியச் சற்று நேரம் ஆனது. காப்பி டிக்காக்‌ஷன் போல இருந்தது.

"இன்னாயா இது?" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "இன்னாயா ஆச்சு என் ஆட்டுக்கு?"

அவன் மறுபடியும் உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தினான்.

"இன்னா ஆச்சா? நான் சொல்றேன் கேளு," ரெபேக்காள் எழுந்து மேற்கே கை நீட்டினாள். மேய்ச்சல் நிலமாக இருந்த இடத்தில் வெள்ளைக் கல் நட்டுக் கொடி கட்டியிருந்தார்கள். "அந்த பிளாட்டுக்காரனுங்க வேலதான். ஆடு மாடு வந்து கல்லச் சாய்க்குதுன்னு போன வாரம் கத்திட்டுப் போனானே ஒருத்தன். வெஷம் வெச்சிட்டான். அண்ணாத்த, நீயே சொல்லு, பாம்பு கடிச்சா மூத்திரம் இப்பிடிப் போவுமா?"

சாலமோன் கோணியை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினார். "தெரிலமா. நான் பாத்ததில்ல."

பூபாலன் மருதாணியின் தலையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு எழுந்தான். மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருந்த கடப்பாறையை உருவினான். ஜெனிட்டா எழுந்தாள்.

"எங்கயா போற?"

"பிளாட்டு ஆபீசுல வாட்ச்மேன் இருப்பான். கேட்டுட்டு வரேன்."

"கேக்கறதுக்குக் கடப்பாறை எதுக்கு? வெய்யி கீழ." அவள் குறுக்கே போய் நின்றாள். "இன்னும் நாலு குட்டி உயிரோட கீது. மொதல்ல டாக்டருக்கு போன் பண்ணு. அப்புறம் யாரை வேணா அடி."

அவன் கடப்பாறையைப் போட்டான். போட்ட பிறகும் கை எதையோ பிடித்திருப்பது போலவே மடங்கியிருந்தது.

திருப்போரூர் கால்நடை டாக்டர் மானசாவுக்கு முருகன் கோயில் தெருவிலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமையானாலும் வருவதாகச் சொன்னாள். அதற்குள் குட்டிகளுக்குத் தண்ணீர் காட்டலாம் என்று ஜெனிட்டா பட்டிக்குப் பின்னால் வாளியைத் தேடிப் போனாள். அங்கேதான் அதைப் பார்த்தாள்.

வேப்பங்கம்பில், அவள் முழங்கால் உயரத்தில், ஒரு பெயிண்டு டப்பா கட்டியிருந்தது. வெறும் டப்பா அல்ல. ஒரு பக்கம் வாய்போல வளைத்து வெட்டி, வெட்டிய விளிம்பு முழுக்கப் பச்சைத் தோட்டக்குழாயைப் பிளந்து செருகி, சணலால் நெருக்க நெருக்கத் தைத்திருந்தது. மேலே சின்னக் கூரை. அதே பிளெக்ஸ்தான், சிரிக்கிற குடும்பத்தில் குழந்தையின் முகம் மட்டும் இருந்த துண்டு. அடியில் தண்ணீர் தேங்காமல் இருக்கச் சூடுபோட்ட ஆணியால் ஓட்டைகள். உள்ளே சாம்பல் நிறத்தில் உப்பு, நக்கி நக்கிக் குழிவிழுந்து கிடந்தது. மாட்டுத் தொட்டியின் மூடி ஆட்டுக்குட்டிக்கு எட்டாதே என்று யோசித்து, ஆட்டின் உயரத்துக்குத் தனியாக ஒன்று.

"அதுவா?" பின்னால் வந்த ரெபேக்காள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நீ போன பொறவு செஞ்சான். உன் ஆடுங்களுக்காம். அதுங்களும் செவுத்த நக்கிச்சா, மாட்டுக்கு மட்டும் குடுத்தா அதுங்க ஏங்கிடும்னான். வாய் கிழியக் கூடாதுன்னு ஓரத்துக்குக் குழாய் தெக்க எங்கையில இருந்த கோணி ஊசியப் புடுங்கிகினு போனான். எனக்கு ஒரு கம்மல் திருகாணி மாட்டச் சொன்னா, கண்ணு தெரிலம்பான்."

ஜெனிட்டா அந்த விளிம்பில் விரலை ஓட்டினாள். ஒரு பிசிறுகூட இல்லை.

"உங்கிட்ட சொல்லாதன்னான். நீ வந்து பாக்கசொல்லோ ஆடுங்க பளபளன்னு நிக்கணுமாம். நெசமாவே நின்னுச்சும்மா. போன வாரம் வரைக்கும் தேய்ச்சு வுட்ட மாதிரி மின்னிச்சு."

செத்துக் கிடக்கிற ஆட்டை விட்டுவிட்டு, ஒரு பெயிண்டு டப்பாவின் முன்னால் நின்று அவளுக்குக் கண் நிறைந்தது. இத்தனை மாதமாக ஞாயிறுதோறும் வாயை இறுக்கிக்கொண்டு அவன் ஒளித்துவைத்தது இதைத்தானா? தன்னை அவன் தேடவே இல்லை என்று எத்தனை இரவு நினைத்திருக்கிறாள். இந்தத் தையலைப் போட்டவன் தேடாதவனா? சொல்லியிருக்கலாமே. இதைப் பற்றி ஒரு வாக்கியம், போனில் ஒரு போட்டோ, ஏதாவது ஒன்று.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

மானசாவுக்கு ஜெனிட்டாவின் வயதுதான் இருக்கும். மழைக்கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு நேராக மருதாணியிடம் போனாள். கண், ஈறு, வால் அடி எல்லாம் பார்த்தாள். கறுத்த மண்ணைக் குச்சியால் கிளறினாள். பிறகு செவ்வந்தியின் கோணியை விலக்கினாள்.

"விஷம்தானே டாக்டரம்மா?" என்றாள் ரெபேக்காள். "போலீசுல எழுதிக் குடுக்கலாம்ல?"

"இருங்கம்மா." மானசா நிமிராமலே கேட்டாள். "மாட்டுக்கு ஏதாவது ஆச்சா?"

"மாடுங்க நல்லா கீது," என்றான் பூபாலன்.

"பக்கத்து வீட்டு வெள்ளாடுங்க?"

"அதுங்களும்."

"செம்மறி மட்டும்தான். சரி. புதுசா என்ன தீனி கொடுக்கறீங்க?"

"புதுசா ஒண்ணும் இல்ல. புல்லு, மர இல, கழுநீர்."

"தாது உப்பு?"

ஜெனிட்டாவின் கையில் வாளி இருந்தது. அது தரையில் இடிபட்ட சத்தத்தில்தான் தன் விரல்கள் விட்டுவிட்டதை அறிந்தாள்.

பூபாலன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "அது சத்து உப்பு டாக்டரம்மா," என்றான் மெதுவாக. "மாட்டுக்கு முகாம்ல நீங்கதான் சொன்னீங்க. அதத்தான் குடுத்தேன்."

"மாட்டுக்குச் சொன்னேன். ஆட்டுக்கும் கொடுத்தீங்களா?"

அவன் பட்டிக்குப் பின்னால் பார்த்தான். மானசா அந்தப் பார்வையைத் தொடர்ந்து போனாள். பெயிண்டு டப்பாவின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். திரும்பி வந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது.

"எத்தனை மாசமா?"

"வெயில் காலத்துலேருந்து."

"உப்புல தப்பில்லை. மாட்டுக்கு நல்லது. அதுல செம்பு இருக்கு, மாட்டு உடம்புக்குத் தேவை. ஆனா செம்மறிக்கு அவ்வளவு செம்பு ஆகாது. வெளியே தள்ளத் தெரியாது அதுக்கு. ஈரல்ல கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து வெச்சுக்கும். வெளியில ஒண்ணுமே தெரியாது, பார்க்க நல்லாவே இருக்கும். என்னைக்காவது ஒரு மழை, ஒரு பயம் வந்துதுன்னா, சேர்த்து வெச்சதை மொத்தமா ரத்தத்துல கொட்டிடும். அப்புறம் ஒரு நாள், ரெண்டு நாள்தான்."

கொட்டகையில் ஒரு மாடு பிளெக்ஸ் மூடியை மூக்கால் தூக்கியது. நக்கும் சத்தம் சரக் சரக் என்று கேட்டது.

"அப்போ யாரும் வெஷம் வெக்கல?" என்றாள் ரெபேக்காள்.

"இல்லம்மா."

"நான்தான்," என்றான் பூபாலன். "தெனமும் காலைல நான்தான் போட்டேன். சின்னக் குட்டிக்கு எட்டலன்னு இன்னும் கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டினேன்." அவன் யாரிடமும் சொல்லவில்லை. தன் கைகளைப் பார்த்துச் சொன்னான். "எட்டலன்னு எறக்கிக் கட்டினேன்."

சற்றுமுன் விரலை ஓட்டிக் கண் கலங்கிய அந்த விளிம்பை ஜெனிட்டா நினைத்தாள். தன்னை நினைத்து நினைத்துத் தைத்த தொட்டி. அந்தத் தொட்டியிலிருந்துதான் தன் ஆடுகள் இத்தனை மாதம் தின்றன. இரண்டும் ஒன்றே என்பதை மனசு வாங்க மறுத்தது. கோபப்பட வேண்டுமா, அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள் மானசா. திட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள். "என் போன் நம்பர் முகாம்ல கொடுத்தேனே. இல்லாட்டி இவங்க ஆஸ்பத்திரியில வேலை செய்யறாங்கன்னு இப்ப போன்ல சொன்னீங்க. இவங்களைக் கேட்டிருந்தாகூட நாலு பேரை விசாரிச்சுச் சொல்லியிருப்பாங்க."

பூபாலன் கீழே விழுந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தான்.

மருதாணி சத்தமே போடாமல் செத்தது. மானசா அதன் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தபோதுதான் தெரிந்தது. ஜெனிட்டா போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. நெற்றியின் வெள்ளைக் கோட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கறியை யாருக்கும் கொடுக்காதீங்க. ஆழமாப் பொதச்சிடுங்க. அந்தச் சின்னத் தொட்டியை இப்பவே எடுத்துடுங்க. குட்டிகளுக்கு மருந்து இருக்கு, இங்கே என்கிட்ட இல்லை. செங்கல்பட்டுக்கு போன் பண்ணிச் சொல்றேன், யாராவது போய் வாங்கிட்டு வரணும்."

"நான் போறேன்," என்றார் சாலமோன். அவருக்கும் அங்கே நிற்க முடியவில்லை.

"தினம் எடை பார்த்து, அதுக்குத் தகுந்த அளவு கரைச்சு வாய் வழியா ஊத்தணும். மூத்திர நிறம் பார்த்துக்கிட்டே இருக்கணும். சில வாரம் ஆகும். நாலும் பிழைக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. விடாமப் பார்த்தா வாய்ப்பு இருக்கு. யார் பார்த்துப்பீங்க?"

ஜெனிட்டா தலையைத் தூக்கினாள்.

"நான் பாத்துக்கறேன் டாக்டரம்மா," என்றான் பூபாலன்.

அந்த நொடியில் அவளுக்குள் ஏதோ அறுந்தது. இப்போதுமா? அவளுடைய ஆடு செத்துக் கிடக்கிறது. அளந்து ஊற்றுவதுதான் அவள் தொழில். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இப்போதும் 'நான் பாத்துக்கறேன்'.

தானே கேட்டு இருந்துவிடலாம். கேட்டால் அவன் மறுக்கப்போவதில்லை. 'உன் இஷ்டம்' என்பான். அதை இன்னொரு முறை கேட்டுவிட்டால், தான் திரும்பி வருவது என்பது இனி நடக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

உப்பங்கழிப் பக்கம் மழைக்கு மண் இளகியிருந்தது. பூபாலன் அதே கடப்பாறையால் குழி வெட்டினான். இடுப்பளவு வந்த பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தான். "போதும்டா, தண்ணி ஊறுது" என்று ரெபேக்காள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் ஏறி வந்தான். இரண்டு ஆடுகளையும் கோணியோடு இறக்கினார்கள். ஜெனிட்டா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எதிரெதிரே குனிந்து நின்றபோது, ட்ரம் அறுத்த அந்த நாள்போலவே இருந்தது அவளுக்கு.

நாய் தோண்டாமல் இருக்க மேலே கல்லுப்புப் போட்டு மூடுவது அந்த ஊர் வழக்கம். ரெபேக்காள் வீட்டிலிருந்து ஒரு முறத்தில் உப்பைக் கொண்டுவந்து மகனிடம் நீட்டினாள்.

"போடுடா."

அவன் ஒரு பிடி அள்ளினான். குழிக்கு மேல் கையை நீட்டினான். விரல்கள் திறக்கவில்லை.

"போடு பூபாலா."

இறுகிய விரலிடுக்கில் இரண்டு கல் உப்பு கசிந்து விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா இருமலா என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவனிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை ஜெனிட்டா கேட்டதில்லை. அவள் குழியைச் சுற்றி நடந்து வந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு விரலாகப் பிரித்தாள். உப்பு விழுந்தது. உள்ளங்கையில் கடப்பாறைக் கொப்புளம் உடைந்திருந்தது. அங்கே உப்பு எரிந்திருக்க வேண்டும். அவன் முகத்தில் அது தெரியவே இல்லை.

சாலமோன் செங்கல்பட்டிலிருந்து மருந்தோடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜெனிட்டா குட்டிகளை ஒவ்வொன்றாகக் கோணிப்பையில் உட்காரவைத்துத் தொங்குதராசில் நிறுத்தாள். மருந்தைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கடைவாயில் விட்டாள். பூபாலன் ஒவ்வொரு குட்டியையும் பிடித்துக்கொண்டான். நாலாவது குட்டி மருந்தைத் துப்பி அவன் சட்டையெல்லாம் தெளித்தது.

"இதுக்குக் கொழுப்பு கீது. இது பொழச்சுக்கும்," என்றார் சாலமோன். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே வேடிக்கை அது. யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் ரெபேக்காள் எழுந்து போய் டீ போட்டாள்.

டீ குடித்து முடித்ததும் ஜெனிட்டா கை கழுவினாள். எந்தக் குட்டிக்கு எவ்வளவு என்று மாமியாரிடம் சொன்னாள். அவனுக்கும் காது கேட்கும் தூரத்தில்தான் சொன்னாள். பிறகு தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். காலையில் ஆறு மணிக்கு ஷிப்டு. சாலமோன் மருமகனைத் திரும்பிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், லீவரை இழுத்தார். வண்டி உறுமியது.

பூபாலன் பட்டிக்குப் பின்னாலிருந்து வந்தான். கையில் அந்தப் பெயிண்டு டப்பா. உப்பைக் கொட்டிக் கழுவியிருந்தான். பச்சைக் குழாய் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆட்டோவின் பக்கக் கம்பியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான்.

"ஜெனி."

"இன்னா?"

அவன் டப்பாவைப் பார்த்தான். "மருந்த நானே குடுத்துடுவேன். அளவு தப்பாது."

"தெரியும்."

"அதுக்காக இல்ல."

சாலமோன் எஞ்சினை நிறுத்தினார். திரும்பவில்லை. எதிரே இருந்த ரோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு ட்ரம் அறுக்கசொல்லோ நீ கேட்ட. படிச்சு வேலைக்குப் போறவள சாணி அள்ளக் கூப்புடற மாதிரி ஆயிடுமேன்னு வாய மூடிகினேன். அது உனக்கு நல்லதுன்னு நானே நெனச்சிகினேன். உன்னக் கேக்கல." அவன் நிறுத்தினான். "இந்த உப்பு மாதிரிதான். நல்லதுன்னு நானே நெனச்சிகினேன்."

உதவி செய்யக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவனே வர வேண்டிய தூரம் அது.

"வேலைய உடாத. காலைல நான் கொண்டுபோய் வுட்டுட்டு வரேன். பால அம்மா கறந்துக்கும். இல்ல, நீ வேற மாதிரி யோசிச்சா அதச் சொல்லு, நான் கேட்டுக்கறேன். உன் ஆட்டக் கொன்னுட்டு இன்னிக்கு இதக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா இன்னிக்குக் கேக்கலன்னா..."

கம்பியைப் பிடித்திருந்த அவன் கையில் கொப்புளம் சிவந்திருந்தது. ஜெனிட்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியில் குட்டி ஒன்று கத்தியது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நிமிர்ந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"வூட்டுக்கு வந்துடு ஜெனி," என்றான்.